எங்கள் வீட்டில் காம்போ, அக்கா வீட்டில் தனி டிரையர்: ஒரு மழைக்காலக் கணக்கு

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குப் பெருமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரிப் பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக ஏறி நின்றதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாலத்திலிருந்து பத்து நிமிஷ தூரத்தில், ஆதம்பாக்கத்தில், மூன்றாவது மாடியில் என் அக்கா வீடு. அவர்களிடம் கார் கிடையாது. அவள் கவலையெல்லாம் துணியைப் பற்றித்தான். அன்று சாயங்காலம் போன் செய்தவள் நலம்கூட விசாரிக்கவில்லை.

"டேய், உன் வீட்டுல இருக்கே, துவைச்சு காயவும் வச்சுக் குடுக்குற மெஷின், அது என்ன விலை?"

அவள் கேட்டது வாஷர் டிரையர் காம்போ. துரைப்பாக்கத்தில் நானும் மனைவியும் இருக்கும் வாடகை வீட்டில் மூன்று வருஷமாக ஓடுகிறது. எனக்கு அதன்மேல் ஒரு புகாரும் இல்லை. வாங்கிக்கோ என்று சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். ஆனால் அவள் வீட்டு நிலைமை தெரிந்ததால், "ஒரு வாரம் பொறுக்கா" என்றேன். அந்த ஒரு வாரம் மூன்று வாரமானது. அதில் அளந்தது, வாங்கியது, தப்புப் பண்ணியது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கிறவர்களுக்கு எண்கள் உதவலாம்.

வீடும் துணியும்

அக்கா, மாமா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், மாமாவின் அம்மா. அத்தைக்கு அந்த செப்டம்பரில் இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. படுக்கையிலேயேதான் எல்லாம். டயப்பர் போட்டால் தோல் சிவந்து புண்ணாகிறது என்பதால் ராத்திரிக்கு மட்டும் டயப்பர். பகலில் ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்த பருத்தித் துணி. ஒரு நாளைக்கு இரண்டு பெட்ஷீட், சில நாள் மூன்று. அதோடு நைட்டி, துண்டுகள், பிள்ளைகளின் யூனிஃபார்ம், மாமாவின் லுங்கி.

துவைக்க ஆறு வருஷப் பழைய ஏழு கிலோ ஃப்ரன்ட் லோட் மெஷின் இருக்கிறது. நன்றாகவே ஓடுகிறது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். சிக்கல் காயப்போடுவதில். மொட்டை மாடி மழைக்கு உதவாது. பால்கனியில் கயிறு இழுத்தால் மேலே ஏறுகிற ஹேங்கர் ஒன்று உண்டு, இரண்டு பெட்ஷீட் போட்டால் நிறைந்துவிடும். மிச்சமெல்லாம் ஹாலில் ஃபேனுக்குக் கீழே, ஜன்னல் கம்பிக்கும் கதவு ஆணிக்கும் நடுவில் கட்டிய கொடியில். வீட்டுக்குள் குனிந்து குனிந்துதான் நடக்க வேண்டும்.

இரண்டு நாள் ஆனாலும் காயாத துணியில் வருமே அந்த முக்கல் வாடை, அது வீடு முழுக்க இருந்தது. சோப்புத் தூளை மாற்றிப் பார்த்தாள், டெட்டால் விட்டுப் பார்த்தாள். அந்த வாடைக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். துவைத்த பிறகும் துணியில் மிஞ்சியிருக்கும் கிருமி அது. ஈரம் எத்தனை மணி நேரம் நீடிக்கிறதோ அத்தனை பெருகும். எந்த சோப்புத் தூளாக இருந்தாலும், துணி சீக்கிரம் காயாவிட்டால் வாடை வரத்தான் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனை

வாதம் பண்ணுவதற்குப் பதில், அக்கா வீட்டு ஒரு நாள் அழுக்குத் துணியை இரண்டு கட்டைப்பையில் போட்டு என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசில் மாட்டினால் 7.1 கிலோ.

என் காம்போவின் முகப்பில் பெரிய எழுத்தில் 8 கிலோ என்று போட்டிருக்கும். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில், உலர்த்துவதற்கு 5 கிலோ. பெரும்பாலான காம்போக்கள் இப்படித்தான், துவைக்கிற அளவு ஒன்று, காயவைக்கிற அளவு அதைவிடக் குறைவு. ஈரத் துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தால் காற்று உள்ளே போகாது, புரள இடம் வேண்டும். கடையில் எல்லோரும் பெரிய எண்ணைச் சொல்வார்கள். வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது சின்ன எண்.

காலை 9:15க்குப் போட்டேன். 7.1 கிலோவும் ஒரே லோடாகத் துவைத்து முடிய 11:05. அப்புறம் இரண்டு கிலோ சொச்சத்தைப் பக்கெட்டில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை உலர்த்தப் போட்டேன். அது முடிந்தது பிற்பகல் 3 மணிக்கு. பிறகு பக்கெட்டில் காத்திருந்த இரண்டு கிலோ, அது 5 மணி வரை. ஒரு நாள் துணிக்கு எட்டு மணி நேரம்.

இரண்டு மணிக்கு அக்கா போன். "துணி ஆச்சா? இங்க இன்னும் ரெண்டு ஷீட் விழுந்துடுச்சு."

விஷயம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. காம்போவில் டிரம் ஒன்றுதான். காயவைத்துக்கொண்டிருக்கும்போது துவைக்க முடியாது. எங்கள் வீட்டில் இரண்டு பேர், இரண்டு நாளைக்கு ஒரு லோடு, நாலு கிலோ. ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் காய்ந்து கிடக்கும். மெஷின் எத்தனை மணி நேரம் எடுத்தால் எங்களுக்கு என்ன? படுக்கையில் ஒரு நோயாளி இருக்கிற வீட்டில் அழுக்குத் துணி நம் நேரத்துக்கு விழுவதில்லை. எட்டு மணி நேரம் மெஷின் பிஸி என்றால் புதிதாக விழுந்த ஷீட் பாத்ரூம் மூலையில் ஊறிக் கிடக்கும்.

அன்று இன்னொன்றையும் அளந்தேன். என் காம்போ தண்ணீரால் குளிரவைக்கிற வகை. அதாவது துணியிலிருந்து வரும் ஆவியைத் திரும்பத் தண்ணீராக்க, உலர்த்தும்போது குழாய்த் தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். வெளியேறும் குழாயைப் பக்கெட்டில் விட்டுப் பார்த்தேன். முதல் தவணைக்கு 16 லிட்டர் பக்கெட் நாலு நிறைந்தது. இரண்டாவதற்கு இரண்டு. துணியிலிருந்து வந்த ஈரம் இதில் சில லிட்டர்தான், மிச்சமெல்லாம் சும்மா குளிரவைக்கப் போன நல்ல தண்ணீர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. மழைக்காலத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்றாலும் பக்கெட்டைச் சாக்கடையில் ஊற்றும்போது கை கூசியது. (நாலு பக்கெட்டை மாப் போட எடுத்து வைத்தேன். மனைவி வீட்டை இரண்டு முறை துடைக்கச் சொன்னாள்.)

கரண்ட் கணக்கு

பிளக்கில் செருகுகிற மீட்டரில் அந்த ஞாயிறு காட்டியது: துவைக்க 0.7 யூனிட், முதல் உலர்த்தல் 3.4, இரண்டாவது 1.6. ஆக உலர்த்த மட்டும் 5 யூனிட்.

இது மெஷினின் குறையில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க எந்த மெஷினுக்கும் ஏறக்குறைய 0.65 யூனிட் வெப்பம் தேவை. ஹீட்டர் வைத்த டிரையர் அந்த வெப்பத்தை ஒருமுறை உபயோகித்துவிட்டு வெளியே விட்டுவிடும். ஹீட் பம்ப் டிரையர் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஏசியில் இருப்பது போன்ற கம்ப்ரசர் அதற்குள் இருக்கிறது. சூடான பக்கம் காற்றைச் சூடாக்கித் துணிக்கு அனுப்புகிறது. ஈரத்தோடு திரும்பி வரும் காற்றைக் குளிர்ந்த பக்கம் பிடித்து ஈரத்தைத் தண்ணீராக்குகிறது. அப்போது கிடைக்கும் வெப்பத்தைத் திரும்பவும் சூடான பக்கத்துக்கே கொண்டுபோகிறது. அதனால் ஏழு கிலோவுக்கு இரண்டு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஹீட்டர் வைத்த தனி டிரையரைவிட நேரம் கொஞ்சம் கூடுதல், இரண்டரை மூன்று மணி. சூடும் குறைவு, பிள்ளைகளின் டீஷர்ட் சுருங்குவதும் குறைவு.

நம் ஊர் பில்லில் இந்த வித்தியாசம் நேர்கோடாக வராது. 2024இல் இருந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101லிருந்து 200 வரைக்கான சலுகை விலை போய்விடும். 500க்கு மேல் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600க்கு மேல் 9 ரூபாய்க்கு மேல். அக்கா வீட்டில் ஏசி ஓடாத மழை மாதங்களில் 380 யூனிட் வரும். தினமும் காம்போவில் காயவைத்தால் 60 நாளைக்கு 300 யூனிட் சேர்ந்து 680. ஹீட் பம்பில் தினம் 1.8 என்று வைத்தால் 108 சேர்ந்து 488. இந்த இரண்டு பில்லுக்கும் சுமார் 1,900 ரூபாய் வித்தியாசம். 488 என்ற எண்ணைப் பார்த்து எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. மாமாவிடம் பேப்பரில் எழுதியே காட்டினேன்.

இதற்கிடையில் காசு செலவில்லாத ஒரு லாபம் கிடைத்தது. அக்கா தன் மெஷினை எப்போதும் நிமிஷத்துக்கு 800 சுற்றில்தான் ஸ்பின் பண்ணுகிறாள். "ஜாஸ்தி வச்சா துணி கிழிஞ்சுடும்" என்று யாரோ சொன்னார்களாம். அந்த மெஷின் 1200 வரை போகும். அதே அளவு துணியை இரண்டு விதமாகவும் சுற்றித் தராசில் மாட்டினேன். 800இல் ஐந்து கிலோ தண்ணீர் துணியில் மிஞ்சியது. 1200இல் 4.1 கிலோ. 900 கிராம் தண்ணீர் மோட்டார் சுற்றிலேயே போய்விட்டது. அதை ஆவியாக்கும் செலவோடு ஒப்பிட்டால் இந்தக் கூடுதல் சுற்றலுக்கு ஆகும் கரண்ட் ஒன்றுமே இல்லை. பெட்ஷீட், துண்டுக்கெல்லாம் 1200 வையுங்கள். பட்டு, மெல்லிய காட்டன் புடவைக்கு வேண்டாம். டிரையரே வாங்காதவர்களுக்கும் இது பொருந்தும்.

கடையில்

தி. நகரில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். விற்பனையாளர் காம்போவைத்தான் முதலில் காட்டினார், அதுவும் 10.5 கிலோ துவைக்க, 7 கிலோ காயவைக்க. மாமாவுக்கு அது பிடித்துவிட்டது. "ஏழு கிலோ வருதேப்பா, அப்ப ஒரே தவணைல முடிஞ்சுடுமே?" நியாயமான கேள்வி. முடியும். ஆனால் மணிக்கணக்கில் டிரம் பிடித்துக்கொண்டிருப்பது மாறாது. நன்றாக ஓடுகிற பழைய மெஷினைத் தூக்கிப் போட வேண்டும், எக்ஸ்சேஞ்சில் அதற்கு அவர்கள் சொன்ன விலை 2,500 ரூபாய். இன்னொன்று, காம்போ பழுதானால் துவைப்பதும் நின்றுவிடும், காயவைப்பதும் நின்றுவிடும். மழைக்காலத்தில் சர்வீஸ் ஆள் உடனே கிடைப்பார் என்று எந்த வீட்டிலும் நம்ப மாட்டார்கள்.

ஹீட்டர் வைத்த, காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளுகிற டிரையர் ஹீட் பம்ப் விலையில் பாதி. அதை நான் உடனே தள்ளிவிடவில்லை. வருஷத்தில் எட்டு மாதம் சென்னை வெயில் இரண்டு மணி நேரத்தில் சும்மாவே காயவைத்துக் கொடுக்கிறது. எழுபது எண்பது நாள் ஓடப்போகிற மெஷினுக்குக் குறைந்த விலைப் பொருள் போதும் என்ற வாதத்தில் பலம் இருக்கிறது. தடுத்தது இரண்டு விஷயம். முதலாவது, மேலே சொன்ன 500 யூனிட் கோடு. இரண்டாவது, அக்கா வீட்டு சர்வீஸ் ஏரியா. அதன் கம்பிக்கு வெளியே நாலடி தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சமையலறை ஜன்னல். அங்கே இருக்கிற மாமி குழம்பு தாளிக்கும்போது இந்தப் பக்கம் ஆவியும் பஞ்சும் ஊதினால் சண்டை வராமல் என்ன செய்யும்?

ஆக, பழைய வாஷிங் மெஷின் அப்படியே இருக்க, எட்டு கிலோ ஹீட் பம்ப் டிரையர் தனியாக. 58,000 ரூபாய். காம்போவைவிடச் சில ஆயிரம் குறைவு.

நான் தப்பாக அளந்தது

சர்வீஸ் ஏரியாவின் அகலம், ஆழம், உயரம் எல்லாம் அளந்திருந்தேன். கதவை அளந்தேன், 68 செ.மீ., மெஷின் நுழையும். டிரையர் வாஷிங் மெஷின் தலைமேல் உட்கார்ந்துவிடும் என்று நினைத்தேன். பொருத்த வந்தவர் இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அடுக்கி வைப்பதற்கான ஸ்டாண்ட் அதே கம்பெனி, ஒத்த ஆழமுள்ள மெஷினுக்குத்தான். அக்காவின் பழைய மெஷின் வேறு கம்பெனி, ஆழமும் டிரையரைவிடக் குறைவு. ஸ்பின் ஆகும்போது மேலே ஐம்பது கிலோ சொச்சம் சும்மா உட்கார்ந்திருந்தால் என்றைக்காவது கீழே வந்துவிடும் என்றார். சரி, அவர் சொன்னது நியாயம்.

மூன்று நாள் டிரையர் ஹாலில் அட்டைப்பெட்டியோடு நின்றது, அதன்மேல் ஈரத்துணி காய்ந்தது. கடைசியில் அதே தெருவில் இருக்கும் வெல்டிங் பட்டறையில் இரும்பு ஆங்கிளில் ஒரு மேசை அடித்து வாங்கினோம். வாஷிங் மெஷின் அதற்குக் கீழே, டிரையர் மேலே, இரண்டும் ஒன்றையொன்று தொடாது. 4,200 ரூபாய், பெயிண்டோடு.

அப்புறம் இன்னொன்று. ஹீட் பம்ப் டிரையரில் சேரும் தண்ணீருக்கு மேல் மூலையில் ஒரு டேங்க் இருக்கும். இழுத்து எடுத்துக் கொட்ட வேண்டும். மேசைமேல் ஏற்றிய பிறகு அந்த டேங்க் அக்காவின் தலைக்கு மேலே போய்விட்டது. அக்கா ஐந்தடி. முதல் நாளே இழுத்தபோது நாலு லிட்டரும் அவள் நைட்டியில் விழுந்தது. "காஞ்ச துணியோட தண்ணிய என் தலைலயே ஊத்துது உன் மெஷின்" என்றாள். பெட்டிக்குள்ளேயே ஒரு சின்னக் குழாய் வந்திருந்தது, அதைப் பின்பக்கம் மாட்டி நேராக டிரெயினில் விட்டோம். முதலிலேயே மாட்டியிருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டிரையருக்குத் தனி லைன், தனி எம்சிபி (லோடு கூடினால் தானாக விழுகிற சுவிட்ச்) போட்டதும் அன்றுதான். அந்த மூலையில் இருந்த ஒரே பாயிண்டில் மல்டிபிளக் செருகி இரண்டையும் ஓட்டலாம் என்று மாமா சொன்னார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

என்ன ஆனது

நவம்பர் 8ஆம் தேதி ஓட ஆரம்பித்தது. 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் நாளில் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். அன்று அக்கா இரண்டு லோடு போட்டாள். ஒன்று காய்ந்துகொண்டிருக்கும்போது கீழே இன்னொன்று துவைந்துகொண்டிருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினாள், இரண்டு வட்டக் கதவிலும் துணி சுற்றுகிறது. ஹாலில் கொடி இல்லை.

முதல் பத்து நாள் பஞ்சு வடிகட்டியைத் திறந்தால் தோசை கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். ஒவ்வொரு தடவையும் உரித்து எடுக்க வேண்டும், விட்டால் நேரமும் கரண்டும் கூடும். இதைப் பார்த்த பிறகு வீட்டுக்கு வந்து என் காம்போவின் கதவு ரப்பர் மடிப்பை விரலால் நெம்பினேன். என் மெஷினில் தனிப் பஞ்சு வடிகட்டி கிடையாது. மடிப்புக்குள் ஈரப் பஞ்சு களிம்பாக ஒட்டிக் கிடந்தது, கூடவே என் மருமகளின் பிங்க் ஹேர் கிளிப். மூன்று வருஷமாகப் புகாரில்லை என்று மேலே எழுதினேனே, அதைக் கொஞ்சம் குறைத்துப் படியுங்கள்.

டிசம்பர் கடைசி வரை 46 தடவை ஓடி டிரையர் எடுத்தது 83 யூனிட். என் கணக்குக்குப் பக்கத்தில்தான். ஆனால் ஜனவரியில் ரீடிங் எடுத்தபோது மொத்தம் 517. அத்தைக்கு உடம்பு துடைக்கக் காலை மாலை இரண்டு வேளையும் கீசர் போட்டதை நான் சேர்க்கவே இல்லை. பதினேழு யூனிட்டில் கோட்டைத் தாண்டிவிட்டது. மாமா என் பேப்பரை எடுத்து வைத்திருந்தார். 488ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார், ஒரு வார்த்தையும் எழுதாமல்.

காட்டன் புடவையை அக்கா இன்னும் டிரையரில் போடுவதில்லை, பால்கனி ஹேங்கர் அதற்குத்தான். அத்தைக்கு டிரையரிலிருந்து வந்த ஷீட் சூடாக இருப்பது பிடித்துப்போய், ஆறுவதற்குள் விரிக்கச் சொல்கிறார். பிப்ரவரியில் வெயில் வந்ததும் மெஷின் நின்றது. மார்ச்சில் போனபோது அதன்மேல் கூழ் வடாம் டப்பாக்கள்.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். இரண்டு பேர், வாடகை வீடு, மெஷின் வைக்க ஒரே ஒரு இடம், ஒரு லோடு ஐந்து கிலோவைத் தாண்டாது, காயவைக்க முழு ராத்திரியும் இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டுக்கு காம்போ சரிதான், இப்போதும் அதையே சொல்வேன். ஆனால் ஆகஸ்டில் எங்கள் வீட்டில் ஆள் கூடுகிறது. அதற்கு இரண்டே மாதத்தில் மழை. குழந்தைத் துணியின் எடை குறைவு, எண்ணிக்கை அதிகம், விழுகிற நேரத்துக்குக் கணக்கே கிடையாது. போன வாரம் டேப்பை எடுத்து பாத்ரூமை அளந்தேன். மெஷின் மேல் டிரையர் வைத்தால் 170 செ.மீ. கீசரின் அடிப்பாகம் 150 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதை ஒரு அடி மேலே ஏற்றிக்கொள்ளலாமா என்று வீட்டுக்காரருக்கு மெசேஜ் போட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதில்தான் வரவில்லை.